பால் காய்ச்ச முந்தி கூப்பிடுங்க

சர்வேயர் வந்தா சந்தோஷப்படுற ஆளை நான் இன்னும் பார்க்கல. விக்கிறவருக்குப் பயம், வாங்குறவருக்குச் செலவு, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சந்தேகம். வீடு வாங்கி நொந்துபோன சனங்களே, உங்களுக்குத்தான் சொல்றேன். வாங்குறதுக்கு முந்தி ரெண்டு விஷயம் பார்க்கணும். காணி எல்லையை அளந்து பிளான் போட நான் வருவேன். சுவரு, தரை, பின்னால நிக்கிற மண்மேடு இதெல்லாம் பார்க்க என் சிங்களக் கூட்டாளி பண்டார வருவாரு. ஆனா எல்லாரும் "எல்லை போதுங்க"ன்னு என்னோட நிறுத்திக்குவாங்க.

என் கதையையும் சொல்லிடுறேன். அட்டன்ல ஒரு வாடகை அறைதான் எனக்கு. மனைவி போய்ச் சேர்ந்துட்டா. ஒரே மகன் கொழும்புல. எப்ப வர்றேன்னு கேட்டா, "ஒத்தை அறைக்கு எப்படிப்பா வர்றது, படுக்க இடமில்லையே"ம்பான். ஒரு வீட்டை வாங்கிட்டா பய வந்துருவான்னு நினைச்சுக்கிட்டே ஊரார் வீட்டையெல்லாம் அளந்துக்கிட்டுத் திரிஞ்சேன்.

நாள் குறிச்சாச்சு

நம்ம சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கு. பால் காய்ச்ச நாள் குறிச்சு, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி முடிச்சுட்டுத்தான் சர்வேயரைத் தேடுவாங்க. கல்யாணத்துக்கு மறுநாள் பொண்ணு பார்க்கப் போற மாதிரி!

வலப்பனைப் பக்கம் ஒரு டீச்சரம்மா அப்படித்தான் கூப்பிட்டாங்க. வீட்டுக்குப் பின்னால மண்மேடு, அதுல மரமெல்லாம் சாஞ்சு நிக்குது. குசினிச் சுவரோட அடியில தண்ணி கசியுது. மண்ணு சரியப் போற அடையாளம் அது. "அம்மா, எல்லை எங்கயும் ஓடிப்போகாது, மொதல்ல பண்டாரவைக் கூப்பிட்டு மண்ணைப் பாருங்க"ன்னேன். டீச்சரம்மா முகம் கறுத்துப் போச்சு.

"நாளு குறிச்சு எல்லாருக்கும் சொல்லியாச்சுங்க சார், இனிமே மண்ணு கிண்ணுன்னு அபசகுனமாப் பேசாதீங்க."

பீலித் தண்ணி

அக்கரப்பத்தனையில ஒரு வீடு. வாங்குறவரு இடத்தைக் காட்டிட்டு, பஸ் போயிரும்னு ஓடிட்டாரு. மழையில நனைஞ்சுக்கிட்டு நான் மட்டும் வேலியோரமா, மலைத் தண்ணி கொட்டுற பீலிக்குப் பக்கத்துல நிக்கிறேன். பக்கத்து வீட்டுல அடுப்பு எரியுது, சனம் பேசிச் சிரிக்குது, ரொட்டி வாசம் வருது. என்னைக் கண்டதும் கதவைச் சாத்திட்டாங்க. எத்தனையோ வருஷமா இதே வேலைதான், ஆனாலும் அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு.

கொஞ்ச நேரத்துல அந்த வீட்டம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாங்க. ஒரு வாய் தேத்தண்ணி கிடைக்குமாம்மான்னு வெக்கத்தை விட்டுக் கேட்டேன்.

"தேத்தண்ணி குடுத்து எல்லையை நகத்திட்டோம்னு நாளைக்குப் பேசுவாங்கய்யா, அந்தா பீலியில தண்ணி வருது, அதைக் குடிச்சுக்குங்க."

மாடியில பால் பொங்குச்சு

பூண்டுலோயாவுல ஒரு கடை முதலாளி பலகை மாடி வச்ச பழைய வீடு வாங்கினாரு. அவருக்கும் எல்லை மட்டும் போதுமாம். பால் காய்ச்சுற அன்னைக்கு மாமன் மச்சான், அங்காளி பங்காளி எல்லாரும் மாடியில ஏறி நின்னுட்டாங்க. பால் பொங்கவும் கைதட்டல். அந்த நேரம் பார்த்து ஒரு பக்கத்துத் தரை மடமடன்னு இறங்கிருச்சு. சாமி புண்ணியத்துல யாருக்கும் அடியில்ல.

மறுநாள் என்னைத்தான் கூப்பிட்டாரு. பிளானைக் கையில பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு, கோபம்னா அப்படி ஒரு கோபம்.

"எல்லை சரின்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க, அப்புறம் எப்படி சார் மாடி இறங்கும்?"

என் முறை

கடைசியில எனக்கும் ஒரு வீடு அமைஞ்சுச்சு. அட்டன்லயே, சின்னதா, மேல பலகைத் தரை போட்ட ஒரு அறை. மகனுக்குன்னு மனசுல எழுதி வச்ச அறை அது. ஆசைப்பட்டவன் கண்ணுக்குக் குறை தெரியாதுங்க. அதனால எல்லைக்கு வேற சர்வேயர், மத்ததுக்கு பண்டார. நாள் மட்டும் குறிக்கல.

பண்டார மண்மேட்டைச் சுத்தி வந்தாரு, சுவரைத் தட்டினாரு, மேல ஏறிப் பலகையை மிதிச்சுப் பார்த்தாரு. பூண்டுலோயா விஷயத்துக்குப் பிறகு எல்லார்கிட்டயும் கேக்குற கேள்வியை என்கிட்டயும் கேட்டாரு: "பால் காய்ச்ச எத்தனை பேர் வருவாங்க மாத்தயா?"

அங்கயே நின்னு மகனுக்குப் போனைப் போட்டேன். "உனக்குத் தனி அறை இருக்குய்யா, நீ சொல்ற நாள்ல பால் காய்ச்சலாம்"னேன். "லீவு கிடைக்காதுப்பா, எனக்காகக் காத்துக்கிட்டு நிக்க வேணாம், நீங்க காய்ச்சிட்டு வீடியோ அனுப்புங்க"ன்னு சொல்லி வச்சுட்டான். இடமில்லாததாலதான் அவன் வரலன்னு இத்தனை காலமா நம்பிக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க.

பண்டாரவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். கீழ இறங்கி வந்து, கையில இருந்த தூசியைத் தட்டிக்கிட்டே, என்னைத் தேத்துறதா நினைச்சுச் சொன்னாரு:

"பயப்படாம வாங்குங்க மாத்தயா, நீங்க ஒரு ஆள்தானே, தாராளமாத் தாங்கும்."

எல்லை, மண்ணு, சுவரு, தரை எல்லாம் பார்த்து வாங்கின வீட்டுல இன்னைக்கு வரைக்கும் ஒரு விரிசல் கிடையாதுங்க, பால் காய்ச்சின அன்னைக்கு நானும் பண்டாரவும் மாத்தி மாத்திக் குடிச்சும் பாதிப் பானை மிச்சம்.