பட்டறைக்காரரும் மூன்று பேராசிரியர்களும்

கல்லூரிப் பட்டறையில் அவர் இருபத்திரண்டு வருஷமாக மெக்கானிக். வராண்டாவில் அவர் போனால் கிரீஸ் வாசனையும் கூடவே போகும். பேராசிரியர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஆனால் அவர்கள் தாளில் வரைவது எதுவும் இவர் கைபடாமல் ஒரு சுற்றுகூடச் சுற்றாது.

மேல்மாடியில் மூன்று பேர் உண்டு. பொறுப்போடு புதுசு கண்டுபிடிப்பது எப்படி, பொறுப்போடு தொழில் தொடங்குவது எப்படி என்று ஆராய்வதுதான் பிழைப்பு. ஸ்குரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று மூவருக்கும் தெரியாது. வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும்.

சமைத்து விற்கும் பெண்களுக்காகக் காய் நறுக்கும் மெஷின் ஒன்று செய்யச் சொன்னார்கள். செய்தார். பிளேடுக்கு மேல் மூடி வைத்தார். திறந்தால் மோட்டார் நின்றுவிடும். பத்து நாளில் மூடியைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. நாற்பது பெண்களிடம் மெஷினின் படத்தைக் காட்டி, மூடி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். திறந்து மூட நேரமாகும் என்று முப்பத்தொரு பேர் சொன்னார்களாம். மக்கள் சொல்வதைக் கேட்பதுதான் பொறுப்பு என்று கட்டுரையும் எழுதி அனுப்பியாயிற்று. படத்திலுள்ள பிளேடு யார் விரலை எடுத்திருக்கிறது?

மூடியைக் கழற்றினார். முதல் மெஷின், சமைத்து விற்கும் அவருடைய தங்கச்சி வீட்டுக்குத்தான் போகவிருந்தது. மெஷினை மேடையில் ஓட்டிக் காட்டிக் கொடுக்கும் விழா அன்று காலை ஒரு படிவம் கீழே வந்தது. பாதுகாப்புக்குப் பொறுப்பு என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தோடு படியேறினார்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாங்க," என்றார் மூவரில் தலைவர்.

"அப்ப நீங்களே போடுங்க சார்."

"நாங்க ஆராய்ச்சி பண்றவங்க. மெஷினுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?"

சொன்ன மனிதருக்கு நாக்குக் கூசவில்லை. மற்ற இருவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள்.

"மூடியில்லாம இது என் தங்கச்சி அடுப்படிக்குள்ள போகாது சார்."

வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, பேனாவைக் கொடுத்துப் போட்டும் கொண்டார்கள்.

அவர் பட்டறைக்கு இறங்கினார். பிளேடைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டு, மெஷினை மட்டும் மேலே அனுப்பினார். மேடையில் பொத்தானை அழுத்தினார்கள், வெறும் தண்டு சுற்றியது, கூட்டம் கைதட்டியது. ஒரு கேரட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே, மெஷின் போய்ச் சேர்ந்த கையோடு, தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் பிளேடையும் மூடியையும் மாட்டினார். "திறந்து மூடச் சோம்பலாத்தான் இருக்கும். விரல் இருந்தாத்தான சோம்பல்பட முடியும்," என்றார். அவள் சிரித்துக்கொண்டே காயை அள்ளிப் போட்டாள்.

மூன்று மாதம் கழித்து மூவரும் கேள்வித்தாளோடு அவள் அடுப்படிக்கே வந்தார்கள். மூடி போட்ட மெஷின் முழங்கைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூவரில் ஒருவர் தலையும் தாளை விட்டு நிமிரவில்லை. விபத்து ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். மூடி தேவையில்லை என்பது நிரூபணமாகிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இப்போது நாற்பது மெஷினுக்கு உத்தரவு வந்திருக்கிறது. நாற்பதுக்கும் அவர் மூடி அடித்துக்கொண்டிருக்கிறார். மேலேயிருந்து இதுவரை யாரும் இறங்கி வந்து பார்க்கவில்லை.