மைக்கில் கேட்ட அம்மாவின் குரல்

டீசல் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு மனசு குளிர்ந்துவிடும். சொன்னால் சிரிப்பீர்கள். பெட்ரோல் பங்க்கில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், நான் மட்டும் கார் கண்ணாடியை இறக்கி ஒரு இழுப்பு இழுப்பேன். நைனா, அதாவது எங்கள் அப்பா, ஊரிலிருந்து வந்துவிட்டார் என்கிற வாசனை அது...

எழுபதுகளின் நடுவில், ஆவடி குவார்ட்டர்ஸ். நைனாவுக்கு ஃபேக்டரியில் மெக்கானிக் வேலை. பட்டாபிராம் ரயில்வே சைடிங்கில் மிலிட்டரி வண்டிகளைக் கூட்ஸ் வேகனில் ஏற்றிக் கட்டியதும், அதோடு அவரும் கிளம்பிவிடுவார். ராஜஸ்தான், பஞ்சாப் என்று எங்கெங்கோ. போனால் ஒரு மாதம், சில சமயம் இரண்டு.

தம்பிக்கு அம்மை வார்த்தபோது நைனா இல்லை. நான் பள்ளிக்கூட நாடகத்தில் ராணி வேஷம் போட்டபோதும் இல்லை. மண்ணெண்ணெய் கியூவிலிருந்து எல்லாமே அம்மாதான்.

அம்மா பட்டாபிராம் பெண். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. குழாயடியில் அவள் நின்றால் யாரும் குறுக்கே குடம் வைக்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட அம்மா, நைனாவின் பெயரை மட்டும் வாய் தவறியும் சொன்னதில்லை. கூப்பிடுவதெல்லாம் "இன்னாங்க" ஒன்றுதான். கோபத்துக்கும் அதுதான், குழம்பு இறக்கியாச்சு என்பதற்கும் அதுதான்.

அப்போது நமக்கு தீம் பார்க் ஏது? வருஷத்துக்கு ஒருமுறை சென்ட்ரல் பக்கத்தில் போடுகிற பொருட்காட்சிதான். மிளகாய்த்தூள் தூவிய டெல்லி அப்பளம், மரணக் கிணறு, ஜெயன்ட் வீல்... நைனா பக்கத்தில் உட்கார்ந்து ஜெயன்ட் வீலில் மேலே போக வேண்டும். ஒன்பது வயதில் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை இல்லை. ஆனால் இரண்டு வருஷமாகப் பொருட்காட்சி நடக்கும் நாளெல்லாம் அவர் வெளியூரில்.

அந்த வருஷம் இன்லண்ட் லெட்டர் வந்தது. 'ஞாயிறு சாயங்காலம் சென்ட்ரலில் இறங்கி நேரே பொருட்காட்சி வாசலுக்கு வந்துவிடுகிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நில்.' அந்த ஞாயிறுதான் பொருட்காட்சிக்குக் கடைசி நாள்.

நாலு மணிக்கே போய் நின்றோம். அம்மா தலையில் கனகாம்பரம், கையில் புளிசாதத் தூக்கு. ஐந்தானது, ஐந்தரை ஆனது. சென்ட்ரல் பக்கமிருந்து பெட்டியோடு வந்தவரை அம்மா மறித்துக் கேட்டாள்.

"அண்ணாத்தே, டெல்லி வண்டி வந்துச்சா?"

"அது வந்து ஒரு அவர் ஆவுதும்மா."

அம்மா முகம் சுருங்கிவிட்டது. அப்புறம்தான் டிக்கெட் கிழிப்பவர் சொன்னார்.

"வாசல் ரெண்டு கீது. அந்தாண்ட போய்ப் பாரு."

ஓடினோம். அங்கேயும் இல்லை. நம்மைத் தேடி உள்ளே போயிருப்பார் என்று டிக்கெட் எடுத்துக்கொண்டு நாங்களும் உள்ளே போனோம். கடைசி நாள் கூட்டம், கால் வைக்க இடமில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வருஷமும் இல்லையா...

கடைசியில் காணாமல் போனவர்களை அறிவிக்கும் மைக் ரூமுக்கு அம்மா எங்களை இழுத்துக்கொண்டு போனாள்.

"யார் காணோம்?"

"அவருதான்."

"அவருக்குப் பேர் இல்லியாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டே "கோவிந்தசாமி! ஆவடி!" என்று கத்தினேன்.

"ஆவடியிலிருந்து வந்திருக்கும் திரு. கோவிந்தசாமி அவர்கள் எங்கிருந்தாலும் உடனே வரவும்..." மூன்று தடவை சொன்னார்கள். ஒரு கோவிந்தசாமி வந்தார். குடை வைத்திருந்தார், வழுக்கை. எங்கள் நைனா இல்லை.

மைக் அண்ணன் அலுத்துப்போய் மைக்கை அம்மாவிடமே நீட்டிவிட்டார். "நீயே கூப்டும்மா. உன் குரல் தெரியும்ல அவருக்கு."

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க..."

அத்தனை கம்பத்து ஸ்பீக்கரிலும் அம்மா குரல்!

"இன்னாங்க... நாங்க இங்க மைக் ரூமாண்ட கீறோம். புள்ள அழுவுது. சீக்கிரம் வாங்க." மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், ஞாபகம் வந்ததுபோல மறுபடி வாங்கிக் கேட்டாள்: "சாப்டீங்களா?"

பொருட்காட்சியே சிரித்தது. அப்பளக் கடைப் பக்கமிருந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, தோளில் பையோடு, டீசல் வாசனையோடு... என் நைனா.

"பேரைச் சொல்லிக் கூப்டாங்களே, காதுல வுழல?" என்று பிடித்துக்கொண்டாள் அம்மா.

"வுழுந்திச்சு. ஆவடிலேர்ந்து வந்தவருன்னாங்க. நான் ராஜஸ்தான்லேர்ந்து இல்ல வரேன்? வேற யாரோ, பாவம்னு நெனச்சேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நாலு பேரும் ஒரே தொட்டிலில் ஏறினோம். அம்மா கண்ணை இறுக்க மூடி நைனா சட்டையைப் பிடித்துக்கொண்டாள். உச்சியில் நின்றபோது சென்ட்ரல் மணிக்கூண்டு எங்களுக்குச் சமமாகத் தெரிந்தது. நான் மணி பார்க்கவில்லை. நைனா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் என் மகன் எங்களைப் பூந்தமல்லி தாண்டி ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப்போனான். அவனும் மாதத்தில் பாதி நாள் டூர்தான். ஆனால் இங்கே யாரும் தொலைவதே இல்லை. ஆளுக்கொரு போன், எங்கே நிற்கிறோம் என்று மேப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நல்ல வசதிதான், குறை சொல்லமாட்டேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. நைனா போய்ச் சேர்ந்து நாலு வருஷம். வீல் சேரில் நிழலாகப் பார்த்து உட்கார வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தாள். அப்புறம் என் கையைச் சுரண்டினாள்.

"அந்த மைக்க கொஞ்சம் வாங்கித் தர்றியாடி?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான்... சாப்டாரா இன்னான்னு கேக்கத்தான்."