புகார் போய்ச் சேர்ந்த இடம்

லஞ்சத்தை ஒழிப்போம் என்று நோட்டீஸ் கொடுத்துத் தேர்தலில் ஜெயித்தவர்கள், டில்லியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பராமரிப்பு ஆபீசில் ஒரு புகார்ப் பெட்டி வைத்தார்கள். ஒழுகும் கூரையைப் பூச லஞ்சம் கேட்ட ஜூனியர் என்ஜினீயரைப் பற்றி, பெயரும் வீட்டு எண்ணும் போட்டு எழுதினேன். நானும் சர்க்கார் குமாஸ்தாதான். வரும் புகாரில் ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று எழுதி, புகாருக்கு ஆளானவருக்கே அனுப்பி வைப்பது என் அன்றாட வேலை. அப்படியும் நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்!

பத்தாம் நாள் அந்த என்ஜினீயரே என் கடிதத்தோடு வாசலில் நின்றார்.

“பாபுஜி, உங்க கையெழுத்து பஹுத் அச்சா! இந்த குவார்ட்டர்ஸ்ல இருக்கணுமா, வேண்டாமா?”

“பேசாம வாபஸ் வாங்கிடுங்களேன்” என்று என் மனைவி கெஞ்சினாள். நல்லவேளை, அடுத்த வாரமே அந்த என்ஜினீயருக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வோடு!

அந்தத் தேர்தல் நோட்டீசை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஓட்டுக் கேட்டு அந்தக் கட்சிக்காரர்கள் வந்தால் அதை நீட்டி, “எடுத்த நடவடிக்கையை இதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க” என்கிறேன். பேனாவை மூடி கழற்றியே கொடுக்கிறேன். இதுவரை ஒருவரும் வாங்கியதில்லை.