பெரேக் திரும்பிவிட்டது

ஜப்பான்காரன் காலத்து மூன்றாம் வருடம், மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கியிருந்த சமயம். மலாக்கா காஜா பெராங்கில், கம்போங் செட்டியை ஒட்டி எங்கள் வீடு. எனக்குப் பதினாறு வயது. வீட்டில் அண்ணி, அவளுடைய இரண்டு வயது மகன், நான், அவ்வளவுதான். அண்ணனைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சேதியும் இல்லை.

அண்ணி ஊரிலிருந்து கப்பலேறி வந்தவள், மலாய் தெரியாது. நான் பேசுவேன். அதில் எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம். எங்கே போனாலும் அண்ணிக்கு வாய் நான்தான். ஆனால் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிவிட்ட செட்டிக்காரர்கள் பேசுவது அவர்களுக்கென்று உள்ள ஒரு மலாய். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் வராது. அவர்கள் பேசுவதில் பாதி புரியும், மீதியை நானே நிரப்பிக்கொள்வேன்.

ஒரு நாள் காலை பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் கையில் மண்வெட்டியோடு வேலியருகே நின்று சொன்னார்:

"சுடா பாலேக் பெரேக். மாஞாக். புக்கிட் ரம்பாய், தெம்பாட் பாசேர். பாவா பாகோல்."

சொல்லிவிட்டு அவசரமாக நடந்துவிட்டார். பாலேக் என்றால் திரும்புவது. பெரேக் என்றால், நான் அறிந்தவரை, சிப்பாய்கள் தங்கும் கொட்டகை. பிடித்துக்கொண்டு போன ஆட்கள் நிறையப் பேர் புக்கிட் ரம்பாய் மணல்வெளிக் கொட்டகைக்குத் திரும்பிவிட்டார்கள், கூடை கொண்டு போ. இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். கூடை சாப்பாட்டுக்காக என்று அதற்கும் பொருள் கண்டுபிடித்தேன். பின்னாலேயே ஓடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் மலாய் என்ன ஆவது?

"நல்லா காதுல வாங்கினியா பாப்பா?" என்று அண்ணி கேட்டாள். பலமாகத் தலையாட்டினேன்.

குழந்தைக்கென்று டின்னில் ஒளித்து வைத்திருந்த அரிசியை மொத்தமாக உலையில் போட்டாள். நல்ல புடவை ஒன்று மிச்சமிருந்தது, அதைக் கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் சோற்று வாசனைக்குக் குழந்தை அழுதான். அப்பாவோடு சேர்ந்து சாப்பிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தாள். அவ்வளவு சிரித்த முகமாக அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

புக்கிட் ரம்பாயில் கொட்டகை எதுவும் இல்லை. மணல்வெளி முழுக்கப் பொந்துகள். தலை செம்பழுப்பு, தொண்டை நீலம், இறக்கை பச்சை என்று குருவிகள் நூற்றுக்கணக்கில் அந்தப் பொந்துகளுக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. நடுவில் செட்டி அம்மாள் முட்டைக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாகக் குருவிகளைக் காட்டி, "பெரேக்" என்றார். பசித்த வீட்டுக்கு ஒரு வழி காட்டிய திருப்தி அவருக்கு.

அண்ணிக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. மணலில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோற்றை ஊட்டினாள். எனக்கும் ஒரு கவளம் தந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து செட்டி அம்மாளிடம் மண்வெட்டியைச் சைகையால் கேட்டு வாங்கினாள்.

"வந்தது வந்துட்டோம், வெறுங்கையா போக வேணாம்" என்றாள்.

நானும் தோண்டினேன். கை முழுதும் உள்ளே போகும் ஆழத்தில், மணலில் சின்னச் சின்ன வெள்ளை முட்டைகள். தலைக்கு மேலே குருவிகள் கத்திக்கொண்டே சுற்றின. சில நாளில் ஊரே அங்கே திரண்டது. பிறகு மரவள்ளி நடவென்று வெளி முழுவதையும் கொத்திப் போட்டார்கள். அடுத்த வருடம் ஒரு குருவியும் வரவில்லை. சண்டை முடிந்தும் அண்ணன் வரவில்லை.

ரொம்ப வருடம் கழித்துப் பறவைகளை எண்ண வந்த பெண் ஒருத்தி, தமிழில் அதன் பெயர் பஞ்சுருட்டான் என்றாள். கடல் தாண்டிப் போனாலும் முட்டையிட இப்படிப்பட்ட மணல்வெளி தேடித் திரும்புமாம். மற்ற இடங்களில் நிறைய இருப்பதால் அந்த இனத்துக்கு ஆபத்தில்லையாம். இருக்கலாம். எங்கள் மணல்வெளியில் இப்போது வீடுகளும் தொழிற்சாலைகளும்தான்.

அண்ணி கடைசிவரை அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. புரியாததை இன்று யாரிடமும் கூச்சமில்லாமல் திருப்பிக் கேட்கிறேன். ஆனால் அன்று கேட்காமல், ஒரு காலைப்பொழுது முழுதும் அவளைப் புருஷன் திரும்பி வந்தவளாக நடக்கவைத்த பாவம் என்னை விட்டுப் போகவே இல்லை.