அம்மை வீட்டில் ஒரு மாத்திரை

விஜயராணிக்கு வேலை டேக் அடிப்பது. தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால், இரும்பு ஏணி ஏறிப் போகிற ஒரு தையல் கார்கானாவில், இஸ்திரி போட்ட சட்டைகள் மலையாக வந்து விழும். பிளாஸ்டிக் பின் போட்ட டேக் கன்னை எடுத்துக் காலரில் ஒரு குத்து, விலைச்சீட்டு தொங்கும். குத்தின சட்டை பேக்கிங்குக்கு நகரும், குத்தாத சட்டை கிடந்த இடத்திலேயே கிடக்கும். கை அது பாட்டுக்குக் குத்த, வாய் அது பாட்டுக்கு நாங்குநேரித் தமிழிலும் பம்பாய் ஹிந்தியிலும் வம்பளக்கும். சந்துச் சாக்கடையை யாராவது அடைத்துவிட்டால் சண்டைக்கு முதலில் இறங்குகிறவளும் அவள்தான். அப்பேர்ப்பட்ட வாய்க்காரி மூன்று வருஷமாக ஒரு மாத்திரைப் பட்டையை ஒளித்து வைத்துக்கொண்டு பயந்து செத்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

முதலில் இடது விலாவுக்குக் கீழே கனத்தது. இரண்டு வாய் சோறு தின்றாலே வயிறு முட்டியது. வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணியாகக் குடித்துத் தள்ளினாள். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெள்ளையணுக்கள் தாறுமாறாக ஏறிக் கிடந்தன. ரத்தப் புற்று என்றார்கள். அவள் புருஷன் கணேசபாண்டியன் செம்பூரில் ஒரு பில்டிங்குக்கு வாட்ச்மேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அங்கே நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே பாகீரதி என்று ஒரு அம்மாள் இருந்தாள். மாட்டுங்காக்காரி. தமிழ் முகத்தைப் பார்த்துவிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "என்ன வேலை பண்றேள்?" என்று கேட்டாள். டேக் அடிக்கிறேன் என்றதும் அவள் முகம் மலர்ந்தது.

"அப்போ உங்களுக்கு ஈஸியாப் புரியும். நம்ம உடம்பிலே ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் கைனேஸ்னு ஒரு வகைப் புரதம் இருக்கு. அது பண்றது உங்க வேலைதான். பாஸ்பேட்னு ஒரு குட்டித் துணுக்கை எடுத்து இன்னொரு புரதத்து மேலே குத்தும். குத்து வாங்கினது முழிச்சிண்டு அடுத்ததைக் குத்தும். இப்படியே சேதி கைமாறிக் கைமாறி உள்ளே போகும், செல்லும் ரெண்டாப் பிரியும். போதும்னா அந்த டேக்கைப் பிடுங்கிப் போடறதுக்கும் ஆள் உண்டு. உங்களுக்கு என்ன ஆச்சுன்னா, எலும்பு மஜ்ஜையிலே ஒரு செல்லுக்குள்ளே ரெண்டு குரோமோசோம் உடைஞ்சு துண்டை மாத்தி ஒட்டிண்டுடுத்து. அதிலேர்ந்து ஒரு புது கைனேஸ் பொறந்திருக்கு. அதுக்கு நிறுத்தவே தெரியலை. யாரும் சொல்லாமலே குத்திண்டே இருக்கு, செல்லும் பிரிஞ்சிண்டே இருக்கு."

 ஆள் இல்லாத கார்கானாவில் டேக் கன் தானாக டக் டக்கென்று அடித்துக்கொண்டிருப்பதை விஜயராணி நினைத்துப் பார்த்தாள். ஐயோ, அது தனக்குள்ளேயா!

"இந்த மாத்திரை அந்தக் கைனேஸ் பாஸ்பேட்டை வாங்கற குழியிலே போய் உட்கார்ந்துக்கும். பின் போடற இடத்தை அடைச்சுட்டா கன் எப்படிக் குத்தும்? ஆனா தினமும் போடணும். சாப்பாட்டோட, பெரிய டம்ளர் தண்ணியோட. ஒரு நாள்கூட விடப்படாது" என்றாள் பாகீரதி.

விடவில்லை. வயிறு வற்றியது, எடை ஏறியது, கார்கானாவுக்குத் திரும்பிப் போனாள். பெற்ற பெண்கள் வந்தனாவுக்கும் சாதனாவுக்கும்கூட ரத்தச்சோகை மாத்திரை என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். காரணம் இருந்தது. வந்தனாவை கணேசபாண்டியனின் அக்காள் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. "எங்க அக்கா காதுக்குப் போச்சுன்னா சோலி முடிஞ்சுது. தாய்க்கு இருக்குறது பிள்ளைக்கும் வரத்தான செய்யும்னு சொல்லுவா" என்று அவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். கல்யாணம் நின்றுபோகுமே என்று அவளுக்கும் அதே பயம்தான்.

பூ வைத்து முடிந்ததும் அந்த அக்காள் நாகலக்ஷ்மி கல்யாணச் சாமான் வாங்க ஊரிலிருந்து வந்து இறங்கினாள். விஜயராணிக்கு மைனி. நல்ல மனுஷிதான், ஆனால் கண்டிப்பு. ஒரே அறையான அந்தக் கோலி வீட்டில் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கொட்டாவி விட முடியாது. மாத்திரைப் பட்டை அரிசி டிரம்முக்குள் அடியில் போனது. மைனி குளிக்கப் போகும் நேரம் பார்த்து இரண்டு இட்லியை வாயில் அடைத்து மாத்திரையை விழுங்கி ஓட்டினாள்.

அப்போது பார்த்து வந்தனாவுக்கு அம்மை போட்டது.

மைனி வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். மார்க்கெட்டிலிருந்து வேப்பிலை வந்து வாசலில் ஏறியது. தாளிப்பு நின்றது. "தாய் வந்து உக்காந்திருக்கா. வீட்டுல மருந்து வாடையே அடிக்கப்படாது. அவளுக்குக் கோவம் வந்துரும்" என்று தம்பியின் பிரஷர் மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். அரிசி டிரம்மை அவள் தொடவில்லை.

ஆகவே விஜயராணியின் கையை யாரும் பிடிக்கவில்லை. முதல் நாள் அவள் டிரம்முக்குள் கையை விட்டாள், எடுத்தாள், தின்றாள். அன்று சாயங்காலமே வந்தனாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. இமையோரத்தில் ஒரு முத்து எழும்பியது. "ஆத்தா, கண்ணுல எறங்கிறாத" என்று மைனி கும்பிட்டு அழ, விஜயராணியும் பக்கத்தில் விழுந்து கும்பிட்டாள். நான் தின்ற மாத்திரைதான். அவளைக் கோபப்படுத்திவிட்டேன். என் உயிருக்காகப் பிள்ளையின் கண்ணைக் கொடுக்கப் பார்த்தேனே!

அதோடு நிறுத்தினாள்.

வந்தனாவுக்கு மூன்று தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் சின்னவள் சாதனாவுக்குப் போட்டது. மறுபடியும் வேப்பிலை, மறுபடியும் தாளிக்காத குழம்பு. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், மாத்திரை இல்லாமல் விஜயராணிக்கு உடம்பு இன்னும் நன்றாக இருந்தது. மாத்திரை தந்த கால் வீக்கம் இல்லை, குமட்டல் இல்லை. தாயே குணமாக்கிவிட்டாளோ என்றுகூட ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. ஆனாலும் கார்கானாவில் டேக் கன்னைத் தூக்கும்போதெல்லாம் கை நின்றுவிடும். உள்ளே எத்தனை குத்திக்கொண்டிருக்கிறதோ என்று தோன்றும். கூட வேலை செய்கிறவள், "க்யா ஹுவா விஜயா, பேய் அடிச்சிருச்சா?" என்று சிரிப்பாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வழக்கமான ரத்தப் பரிசோதனை வந்தது. இந்தத் தடவை டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்து, அவளைப் பார்த்து, திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கெட்ட செல்களின் அளவு பல மடங்கு ஏறியிருந்தது. "மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்று ஹிந்தியில் கேட்டார். அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாகீரதியின் அறைக்குள் போனதும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

பாகீரதி திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நிறுத்தினா அது சும்மா இருக்காது விஜயராணி. பிரிஞ்சிண்டே இருக்கும். பிரியப் பிரியத் தப்பு வரும். அந்தத் தப்பிலே கைனேஸோட குழி உருமாறிடுத்துன்னா இந்த மாத்திரை அதிலே உட்காராது. அப்படி மாறியிருக்கான்னு பார்க்கத்தான் இன்னொரு டெஸ்ட் அனுப்பியிருக்கு."

"மாறியிருந்தா?"

"வேற மருந்து இருக்கு. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. நான் பொய் சொல்ல மாட்டேன்." பாகீரதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரிப்போர்ட் வரவரைக்கும் இதையே போட்டுக்கணும், இன்னிலேர்ந்து. ஆத்துலே யாராவது ஒருத்தர்ட்ட சொல்லுங்கோ. நீங்க முழுங்கறதைப் பார்க்க ஒரு ஆள் வேணும்."

புருஷனுக்கு எப்போதும் நைட் டியூட்டி. பிள்ளைகளிடம் சொல்ல நாக்கு வராது. மிச்சம் யார்? சயான் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மைனி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மைனி, கோவப்படாதீக. எப்படிச் சொன்னாலும் முடிவில் கல்யாணம் நின்றுபோனது.

சந்துக்குள் திரும்பினாள். வாசலில் புது வேப்பிலை தொங்கியது.

உள்ளே மைனி படுத்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் ஓரமாக நின்றன. "அத்தைக்கு மத்தியானம் பயங்கர புகார் மம்மி, உடம்பு நெருப்பாச் சுட்டுது, இப்போ தானா தானாவா முத்து வந்துருச்சு" என்றாள் சாதனா. மைனியின் முகம், கழுத்து, கையெல்லாம் முத்து. விஜயராணியின் கண் அரிசி டிரம்முக்குப் போனது. இப்போது மாத்திரையைத் தின்றால் தாய் யார் கண்ணில் இறங்குவாள்? தின்னாவிட்டால்?

பெண்களை இளநீர் வாங்க அனுப்பினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து நாலு வாய் சோற்றைத் திணித்தாள். பட்டையைப் பிரித்தபோது சரசரவென்று சத்தம் கேட்டது.

"என்னட்டி அது?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது வெளியே வரவில்லை. உண்மைதான் வந்தது. மூன்று வருஷத்தையும் ஒரே மூச்சில் சொன்னாள். குத்திக்கொண்டே இருக்கிற அந்தச் சனியனையும் சொன்னாள், பரிசோதனையையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாந்தான மருந்தையெல்லாம் அள்ளிக் கட்டுனேன்?" என்றாள் மைனி.

"இது டிரம்முலதான் கெடந்துச்சு மைனி. நாந்தான் எடுக்கல. ஒங்களுக்கும் பயந்தேன், அவளுக்கும் பயந்தேன்."

"எனக்கா?" மைனி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கண்ணீர் முத்தில் பட்டு எரிந்திருக்க வேண்டும், முகம் கோணியது. "அடப் பாவி மட்ட. எந் தம்பி பொண்டாட்டிய நானே கொல்லப் பாத்தேனே."  பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். "வந்தனாவுக்கும் வருமாட்டி?"

இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இத்தனையும்.

"இது வழிவழியா வாரது இல்லியாம். அந்த மேடம் சத்தியமாச் சொன்னாவ. ஒங்கள வேணும்னா கூட்டிட்டுப் போறேன், நீங்களே கேளுங்க. நம்பலன்னா... கல்யாணம் ஒங்க இஷ்டம் மைனி."

மைனி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "பெரிய செம்புல தண்ணி எடு" என்றாள்.

"ஒங்களுக்கு அம்மை போட்டிருக்கே மைனி."

"அவ எம்மேலதானட்டி இருக்கா, ஒம்மேலயா?" கூரைத் தகரத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.  "தாயே முத்தாரம்மா, குத்தம்னா என்னையக் கேளு. எங் கண்ணு ரெண்டையும் வேணும்னா எடுத்துக்க. இவளையும் எம் வீட்டுக்கு வரப்போற மருமவளையும் விட்டுரு."

குழி மாறவில்லை, அதே மாத்திரை போதும் என்று ரிப்போர்ட் வந்தது பிறகுதான். மைனிக்கு மூன்றாம் தண்ணி ஊற்றின பிறகு. அந்தச் சாயங்காலம் அது இருவருக்கும் தெரியாது. விஜயராணி மாத்திரையை நாக்கில் வைத்துச் செம்புத் தண்ணி முழுவதையும் குடித்தாள்.

"வாயத் தொற" என்றாள் மைனி.

"முழுங்கிட்டேன் மைனி."

"தொறட்டி. நாக்கத் தூக்கு. எனக்குப் பயமா இருக்கு."