மிஷின் முதலில் எங்கள் வயலுக்கு வந்த வருஷம்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கவலை மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. சம்பா முற்றிவிட்டால் போனில் மழைப் படத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாகவே இருப்பேன். என் வீட்டுக்காரர் நேர்மாறு. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு இன்னொரு கை சோறு கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் வயல், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. முன்னால் இருப்பது எதிர்வீட்டு அக்கா குத்தகைக்குச் செய்யும் வயல். அவளுடையதை அறுத்து வழி விட்டால்தான் அறுவடை மிஷின் எங்களுக்கு வரும். வருஷா வருஷம் அதுதான் முறை.

அந்த வருஷம் மிஷின் லேசில் கிடைக்கவில்லை. போனிலோ மழை, மழை என்று காட்டுகிறது. நான் மிஷின் டிரைவரை விடாமல் கூப்பிட்டேன். பின்பக்கம் தரிசு கிடக்கிறது, அது வழியாக இறங்கலாம் என்றேன். பாவம், தொல்லை தாங்காமல் அக்காவுக்கு வருவதாகச் சொல்லியிருந்த நாளில் எங்கள் வயலில் இறங்கினான். அறுத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அக்காவுக்கு மறுநாள் என்றான். விடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை வரை விடவில்லை. அக்காவின் பயிர் மொத்தமும் படுத்து, கதிர் தண்ணீரிலேயே முளைவிட ஆரம்பித்தது.

ஞாயிறு காலை, மாதா கோயில் பூசையில் காணிக்கை வைக்க ஒரு மரக்கால் புதுநெல்லை அளந்துகொண்டே வீட்டுக்காரர் சொன்னார், ஆண்டவர் நம்மைக் காப்பாற்றிவிட்டார் என்று.

"நான் டிரைவர் காதைத் தின்னேன், அவன் வந்தான். ஆண்டவருதான் காப்பாத்துனாருன்னா, வரப்புக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கண்ணு தெரியலையா?"

மரக்காலைக் கீழே வைத்தார். "எனக்கு மட்டும் தெரியுமா? தெரிஞ்சா உங்கிட்ட சொல்ல மாட்டனா?"

இத்தனை வருஷத்தில் அவர் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தெரியாமலா இவ்வளவு நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டார்?

நடந்ததை அக்காவிடம் சொல்லாமல் கோயில் படியேற முடியாது என்று தோன்றியது. வயலில்தான் நின்றிருந்தாள். நான் தொடங்குவதற்குள், டிரைவர் எல்லாம் சொல்லிவிட்டான் என்றாள்.

"நீ கூப்புடலன்னா எனக்கு அறுத்திருப்பான், உனக்குப் படுத்திருக்கும். யாருக்கோ ஒருத்தருக்குப் போவணும்னு இருந்துச்சு. ஆனா ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல நீ?"

குனிந்து, படுத்துக் கிடந்த ஒரு கதிரை நிமிர்த்தினேன்.

"வயித்தெரிச்சல் இல்லன்னு சொல்ல மாட்டேன். போ, பூசைக்கு நேரமாவுது. ஏன் இப்புடி பண்ணுனாருன்னு உன் சாமி சொன்னா வந்து சொல்லு. எங்க சாமி இன்னும் வாயத் தொறக்கல."

பூசையில் எல்லோரும் நன்றிப் பாட்டுப் பாடினார்கள். என் வாய் திறக்கவில்லை. நெல்லைப் பீடத்தின் முன் வைத்து மனதுக்குள் சண்டை போட்டேன். எனக்குப் புரியவில்லை, நீங்களும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள், வேறு யாரிடம் போய்க் கேட்பேன் என்றேன். கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். எழுந்து வெளியே போகவும் மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து புடவையை மாற்றிக்கொண்டு அரிவாளோடு அக்காவின் வயலுக்குப் போனேன். வீட்டுக்காரர் எனக்கு முன்பே போய், நடு வரப்பை வெட்டி அங்கே தேங்கிய தண்ணீரை எங்கள் வயலுக்குள் வடியவிட்டுக்கொண்டிருந்தார். அறுப்புக்கு முன்னால் நாங்கள் தெளித்த உளுந்து அப்போதுதான் முளைத்திருந்தது. தண்ணீர் நின்றால் அது அழுகிவிடும். மேற்கே வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன, உன் சாமி சொன்னாரா?"

"இல்லக்கா."

"சரி. அந்த மூலையிலேருந்து அறுத்துட்டு வா."