மான் தலையும் எங்கள் கொழுந்தும்

தேங்காய் நாரால் ஈரக் கல்லைத் தேய்க்கும்போது எழும் பாசி வாசனை எனக்கு இன்றும் பிடிக்காது. மாட்டுப்பட்டிக்கு மேலே, நாங்கள் வாழ்ந்த எஸ்டேட்டின் தேயிலைக் காட்டுக்கு நடுவில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கல்லறை இருந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸும் முடிந்த கையோடு ஆபீசிலிருந்து என் அம்மாவை அனுப்பி அதைக் கழுவச் சொல்வார்கள். வாளியும் நாருமாக நானும் கூடப் போவேன். கல்லின் உச்சியில் ஒரு மான் தலை, அதைச் சுற்றி வளையமாக ஓர் இடுப்பு வார், வாருக்குக் கொக்கிகூடச் செதுக்கியிருந்தார்கள். மானின் கொம்பு இடுக்கில் என் சுண்டுவிரல் மட்டுமே நுழையும் என்பதால், அங்கே பிடித்த பாசியைச் சுரண்டுவது என் பொறுப்பு.

அந்த மேட்டிலிருந்து பார்த்தால் கீழ்ச்சரிவில் எங்கள் ஆட்களின் இடுகாடு தெரியும். என் அக்கா எஸ்தர் அங்கேதான் இருந்தாள். எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். எனக்கு அப்போது ஆறு. நிலம் கம்பெனியுடையது, தொழிலாளி கல்லோ சிமெண்டோ வைக்கக்கூடாது என்பது சட்டம். மரச் சிலுவை இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. ஜூன் மழை மண்மேட்டைக் கரைத்துக்கொண்டு போனபின், நாங்கள் “கிராண்டிஸ்” என்று சொல்லும் பெரிய தைலமரத்திலிருந்து பதினொரு காலடி எண்ணி, அம்மா புதிதாக மண்ணைக் குவிப்பாள். சரிவில் நடக்கிற கால் ஒரே மாதிரி விழுமா? ஒரு வருடம் பத்தில் நிற்பாள், ஒரு வருடம் பன்னிரண்டில். “யாரு பெத்த புள்ள மேல பூ வைக்கேனோ” என்று முனகியபடியேதான் வைப்பாள்.

எனக்குப் பத்து வயதான வருடம் அந்தத் துரையின் வம்சத்தார் கனடாவிலிருந்து வந்தார்கள். ஆண்கள் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட பாவாடை கட்டியிருந்ததைப் பார்த்து நாங்கள் தேயிலைச் செடிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தக் கட்டம் அவர்கள் வம்சத்துக்கே உரியதாம். மான் தலை அவர்கள் சின்னமாம். அவர்களுக்கென்று ஒரு செடி வேறு உண்டாம். அந்தச் செடியின் காய்ந்த கிளையொன்றை அவ்வளவு தூரம் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, வயதான ஒரு அம்மாள் கல்லறை மேல் வைத்துவிட்டு அழுதார். ஸ்காட்லாந்து மலையில் அவர்கள் முன்னோர் இருந்த நிலத்தை ஆடு வளர்க்க வேண்டுமென்று ஜமீன்தார் பிடுங்கிக்கொள்ள, ஆளுக்கொரு தேசமாகச் சிதறிப்போனார்களாம். விரட்டப்பட்டவரின் பேரன் இங்கே வந்து துரையானதும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் தாத்தன்மாரைக் கூட்டிவந்து காட்டை வெட்டவைத்ததும் தனிக் கதை.

இதையெல்லாம் ஆபீஸ் கிளார்க்கு தமிழில் சொல்ல, முதுகில் கூடையோடு நின்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லறையை இத்தனை வருடம் கழுவியவள் இவள்தான் என்று தெரிந்ததும், அந்த வெள்ளைக்கார அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்ன வேண்டும் என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை.

“அவுகளுக்கு மான் இருக்கு, செடி இருக்கு, துணி இருக்கு. எம்புள்ளைக்கு ஒரு கல்லு வேணும்னு சொல்லுங்க சார்.”

கிளார்க்கு பக்கத்தில் நின்ற மேனேஜரைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். அதில் “தேங்க் யூ” உண்டு. அவர் வாயிலிருந்து வந்தது அதுதான். வெள்ளைக்கார அம்மாள் மனம் நெகிழ்ந்துபோய்த் தன் தோளிலிருந்த கட்டம் போட்ட சால்வையை எடுத்து அம்மாவுக்குப் போர்த்திவிட்டார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கிளார்க்கை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கிளார்க்கு சொன்னதாக என் காதில் விழுந்ததை வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சால்வையை மடித்துப் பரணில் போட்டாள். மறு மாதம் போடிப் பக்கத்திலிருந்து அம்மி கொத்துகிறவர் மலையேறி வந்தார். எங்கள் வீட்டு அம்மியைப் புரட்டிப் போட்டு, அடிப்பக்கத்தில் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கொத்தச் சொன்னாள் அம்மா. சுற்றி என்ன போடட்டும் என்று அவர் கேட்டபோது, தலையில் மாட்டுகிற கூடைக்கயிற்றைக் காட்டினாள். கயிறு வளையமாக வந்தது. கீழே எஸ்தர் என்று பெயர். கூலியாக அந்தச் சால்வையைக் கொடுத்துவிட்டாள். அவர் அதைப் போர்த்திக்கொண்டு, கனடாக்காரர்களைவிட மிடுக்காக மலையிறங்கிப் போனார்.

அப்பாவுக்கு மேனேஜர் துரையை நினைத்துப் பயம். “தொரை லயத்தக் காலி பண்ணச் சொன்னா எங்க போய் நிப்ப?” என்று கேட்டுக்கொண்டேதான் ஞாயிற்றுக்கிழமை அம்மியை இடுகாட்டுக்குத் தூக்க ஒரு கை கொடுத்தார். அவர் கேட்டதில் தப்பில்லை. வேலை போனால் வரிசை வீடும் போகும். எங்களுக்கு வேறு கூரை கிடையாது.

திங்கட்கிழமை காலையில் மேனேஜரின் ஜீப் வந்தது. கல் வைக்க “அனுவாதம்” இல்லை, எடு என்றார். மலையாளத்தில் அனுமதியை அப்படித்தான் சொல்வார்கள். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

“கல்லறைக்குக் கல்லு வைக்கத்தான தொரை அனுவாதம் வேணும். இது என் அம்மி. என் அம்மிய நான் எங்க வேணா வைப்பேன்” என்றாள் அம்மா.

“அப்ப இதுல மொளகா அரைக்க வேண்டியதுதான?” என்றார் அவர், ஏளனமாக.

அம்மா அவரை நேராகப் பார்த்தாள். “எம்புள்ளைக்குக் காரம் ஆகாது தொரை.”

ஜீப் திரும்பிப் போனது. வீடு பறிபோகவில்லை. ஆனால் பென்ஷன் ஆகும்வரை அம்மாவுக்குச் செங்குத்தான கடைசிக் காட்டில்தான் வேலை. கேட்டால் மழை, அட்டை, முழங்கால் வலி என்று விரல் மடக்கிச் சொல்லுவாள், வருத்தப்பட்டதாகச் சொல்லமாட்டாள். குழம்புக்கு அரைக்க இரண்டு வருடம் பக்கத்து வீட்டுக்குப் போனோம். பிறகு லயத்துக்கு மிக்ஸி வந்தது. சும்மா கிடந்த அம்மிகள் ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்கின. ஒன்றில் கிளை வெட்டும் கவாத்துக் கத்தி, ஒன்றில் குடை, ஒன்றில் கூடை என்று கொத்தியிருந்தார்கள். எங்களுக்கும் சின்னங்கள் உண்டு. யாரையும் கேட்டு நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். லய வீட்டில் இன்று வேறு யாரோ இருக்கிறார்கள். மலைக்குக் கீழே, நான் வாழ்க்கைப்பட்ட எருத்தேன்பதியில் அம்மா என்னோடு இருக்கிறாள். “ஏனுங்க, உங்க ஊரு எதுங்க?” என்று அங்கே யாராவது கேட்டால் மாட்டுப்பட்டி என்றுதான் சொல்லுவாள். அங்கே வீடு இருக்குதுங்களா என்று கேட்டால், “அம்மி இருக்கு” என்பாள்.

போன கிறிஸ்துமஸுக்கு அவளைக் கூட்டிப்போனேன். கனடாக்காரர்கள் வருவது நின்று வெகுகாலமாகிறது. துரை கல்லறையைக் கழுவ ஆபீசிலிருந்து இப்போது யாரையும் அனுப்புவதில்லை. மானின் கொம்பு முழுக்கப் பாசி. என் சுண்டுவிரல் அந்த இடுக்கில் இனி நுழையாது. கீழே இறங்கியபோது நான் திடுக்கிட்டு நின்றுவிட்டேன். அந்தப் பெரிய கிராண்டிஸ் மரத்தை அடியோடு வெட்டியிருந்தார்கள். எங்கிருந்து எண்ணுவது என்று என் வாயில் வந்துவிட்டது.

அம்மா மரம் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நடந்துபோய், அம்மியின் மேல் கையை வைத்தாள்.